பூவக் காட்டி அட்டைய மறைக்காத

ஏல மருமவனே, பிரேம் கடை தெறந்துட்டியாம்லா, நல்லாருப்ப! வாசல்ல ஒங்க ஆச்சி படத்த மாட்டி வச்சிருக்கியே, அதத்தான் பாத்துக்கிட்டு நிக்கேன். சுத்தி செவப்பு மவுண்டு அட்டை, அதுக்குள்ள பச்ச, அதுக்குள்ள தங்கக் கலரு, நாலு மூலைக்கும் பூவு வேற. எல்லாம் அம்சமா இருக்கு. ஆச்சியத்தான் காங்கல.

கருப்பு வெள்ளப் படம்லா அது? பால் ஏடு நெறத்துல ஒரு அட்டை காணாதா? ரெண்டடுக்கு போடாம கை நிக்காதுன்னா, உள் அட்டை கால் இஞ்சு, அதாவது ரெண்டு நூலு, வெளிய தெரிஞ்சாப் போதும். கீழ்ப்பக்கம் மட்டும் மேல விட நாலு நூலு அகலம் கூட விடு. நாலு பக்கமும் சமமா விட்டா, படம் கீழ எறங்குன கணக்காத் தெரியும்.

சரி, மூலைக்கு வாரேன். பிளேட 45 டிகிரி சாச்சு வெட்டணும்னு எவனோ சொல்லிருக்கான், அது மட்டும் நெசம். ஒன்னர மில்லி அட்டைய அப்படி வெட்டுனா, நடுவுல இருக்க வெள்ள சுமார் 2 மில்லி அகலத்துக்கு ஓரத்துல கோடு புடிக்கும். ஒன் கோடு மூலைக்கு மூலை மீசை வச்சிட்டுல்லா நிக்கி! ஒரு பக்கம் பிளேடு தாண்டி ஓடிருக்கு. மறுபக்கம் எட்டாம நின்னிருக்கு, நீ கையால பிச்சிருக்க, நாரு தொங்குது. பொறத்தாலருந்து வெட்டு. அடியில வேஸ்ட் அட்டைய வையி. நீ குறிச்ச கோட்டு முனைக்கு அர நூலு முன்ன ஆரம்பிச்சு, மறுமுனைக்கு அர நூலு தள்ளி நிறுத்து. எடையில நிக்காத, ஒரே இழுப்பு. ஒட்டிக்கிட்டு நின்னா, புது பிளேட அந்தச் சரிவுலயே நொழச்சு விடு. ஒரே பிளேட வச்சு தீவாளியிலருந்து பொங்கல் வரைக்கும் ஓட்டுதியே, சிக்கனத்துக்கு ஒனக்கு மாலை போடணும்.

கலரே ஆவாதுன்னு சொல்லல. பிரான்சுல மரியெத்துன்னு ஒருத்தரு, 1774-ல செத்தவரு, தான் சேத்த சித்திரத்துக்கு நீல அட்டையும் தங்கக் கோடுமாப் போட்டாராம். இன்னைக்கும் அந்த நீலத்த வச்சே அவரு சேத்ததுன்னு கண்டுபுடிச்சிருவாங்களாம். நீ வாயப் பொளக்காத. அவரு மூணு கலரக் கொழப்பல.

மவுண்டு மினுக்குக்குன்னா நெனச்ச? கண்ணாடி படத்தத் தொடாம இருக்கதுக்குல்லா! மழைக்கால ஈரத்துல போட்டோ கண்ணாடியோட ஒட்டிக்கிடும். பிறவு பிரிச்சா, ஆச்சி மொகம் கண்ணாடியிலதான் இருக்கும். அதுலயும் நீ வாங்கிப் போட்டது மரக்கூழு மலிவு அட்டை. அதுல அமிலம் இருக்கு. வருசம் போகப் போக ஒன் வெள்ளக் கோடு டீத்தண்ணி நெறத்துக்கு வந்து, படத்தையும் பழுப்பாக்கிரும். அமிலமில்லாத அட்டை, முடிஞ்சா பருத்தி அட்டைன்னு கேட்டு வாங்கு. படத்து முதுவுல கோந்து பூசாத. மேல் ஓரத்துல ரெண்டு தாள் பட்டைய கோதுமைப் பசையில ஒட்டித் தொங்க விடு, வேணும்ங்கப்ப கழத்திக்கிடலாம்.

நல்ல அட்டைக்கு வெல கூடத்தான். வாற ஆளுகிட்ட மொதல்ல அட்டைய எடுத்துக் காட்டி வெலையச் சொல்லு, பூவெல்லாம் பிறவு காட்டு.