ஒருசந்தி அரிசி

எங்கள் ஊர் தேரிக்காட்டு ஓரம். தபசு காலம் தொடங்கும் விபூதிப் புதன் வந்தால் ஊரில் இருந்த ஒரே கறிக்கடையின் கட்டையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். ஈஸ்டருக்கு முந்தின நாள்தான் அதை மறுபடி நிமிர்த்துவார்கள். கடைக்காரரும் ஒருசந்தி இருந்தார்.

ஒருசந்தி என்றால் நாளுக்கு ஒரு வேளைதான் வயிறாரச் சாப்பாடு. 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டப்படி, 21 வயது நிறைந்தவர்கள் 59 வயது நிறையும்வரை, ஞாயிறு நீங்கலாகத் தபசு காலம் முழுக்க அப்படி இருக்க வேண்டியிருந்தது. உடம்பை முறிக்கும் வேலை செய்கிறவர்களுக்கு விலக்கு இருந்தது. எங்கள் பக்கம் பதநீர் இறக்கும் பருவமும் அதுவே. காலையும் மாலையும் முப்பது, நாற்பது பனை ஏறி இறங்கிய தாத்தாவிடம், உங்களுக்குக் கட்டாயமில்லை என்று சாமியார் சொல்லிப் பார்த்தார். தாத்தா கேட்கவில்லை. ஆச்சி இன்னும் கடுமை. நற்கருணை வாங்கும் நாளில் நடுராத்திரிக்குப் பிறகு பச்சைத் தண்ணீரும் பல்லில் படக்கூடாது. தண்ணீர் குடிக்கலாம் என்று பாப்பரசர் பன்னிரண்டாம் பயஸ் 1953-லேயே சொல்லிவிட்டார்; 1957-இல் அந்த நோன்பு மூன்று மணி நேரமாகி, 1964-இல் ஒரு மணி நேரமானது. ஆச்சி எதையும் ஏற்கவில்லை.

அந்த விரதத்தில் பயம் நிறைய இருந்தது. வெள்ளிக்கிழமை கறி தின்றால் சாவான பாவம் என்று பிள்ளைகளை மிரட்டித்தான் வளர்த்தார்கள். அந்தப் பயம் திரும்பி வர வேண்டாம். ஆனால் அதே வீட்டில் வேறொன்றும் நடந்தது. உலை வைக்கும்போதே, சாப்பிடாமல் விட்ட வேளைக்குரிய அரிசியை ஆச்சி அளந்து தனிப் பானையில் போடுவாள். பெரிய வெள்ளியன்று கோயில் வாசலில் காய்ச்சும் கஞ்சிக்கு அதில் ஒரு பங்கு. மீதி, பனையிலிருந்து விழுந்து புருஷன் செத்துப்போன வீடுகளுக்கு. பசித்தவனோடு அப்பத்தைப் பகிர்வதே தமக்கு உகந்த நோன்பு என்று ஏசாயா 58-ஆம் அதிகாரத்தில் கடவுள் சொல்கிறார். எழுத்துக் கூட்டத் தெரியாத ஆச்சி அதை வாசித்ததில்லை.

1966 பிப்ரவரியில் பாப்பரசர் ஆறாம் பவுல் தவ முயற்சிகளின் சட்டத்தைத் திருத்தி எழுதினார். ஒருசந்திக்குக் கட்டாயமான நாட்கள் இரண்டாகச் சுருங்கின: விபூதிப் புதன், பெரிய வெள்ளி. சுமையை இறக்கியதோடு அவர் நிறுத்தவில்லை. வசதியுள்ள நாடுகளின் கிறிஸ்தவர்கள் தங்களை ஒறுத்து ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும், வறுமையில் வாடுகிறவர்கள் தங்கள் துன்பத்தையே செபமாக்கலாம் என்று பிரித்துச் சொன்னார். தாத்தாவும் ஆச்சியும் இரண்டாம் வகை. அவர்கள் செய்ததோ முதல் வகைக்காரர்களின் கடமை. இன்று முதல் வகைக்கு நகர்ந்துவிட்ட நாங்கள், இறக்கிவைத்த பாதியை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

எங்கள் அடுக்ககத்தில் தவக்கால வெள்ளி இப்படித்தான் கழிகிறது: கறி கிடையாது. மீனுக்குத் தடையில்லை என்பதால் வஞ்சிரம் வறுவலும் இறால் தொக்கும் செயலி வழியாக வந்து இறங்கும். சட்டத்தின் ஓர் எழுத்தும் மீறப்படவில்லை. கோழி வாங்கும் நாளைவிட அன்றைக்குச் செலவு அதிகம். பிள்ளைகள் விரதத்தின் இறையியலை அழகாகப் பேசுகிறார்கள். சிலர் பதினாறு மணி நேரம் சாப்பிடாமலும் இருக்கிறார்கள், இடுப்பளவு குறைய. உடம்புக்கு அது நல்லதாகவே இருக்கட்டும். அந்தப் பசியால் அடுத்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதுதான் என்னை அறுக்கிறது. தபசும் தர்மமும் செபமும் மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் ஒன்றாக நிற்பவை. ஒன்றை உருவி எடுத்தால் மற்ற இரண்டும் நொண்டும்.

உறுதிபூசுதலுக்கு மறைக்கல்வி படிக்கும் பேத்திதான் கேட்டாள்: "தாத்தா, நாம விடுற சாப்பாடு யாருக்குப் போகுது?" யாருக்கும் போகவில்லை என்றேன். மறுநாள் சமையலறையில் ஒரு டப்பா வந்தது. வெள்ளிதோறும் எல்லாரும் ஒரு வேளையை விட்டு அந்த அரிசியை அதில் போட்டோம். தெருமுனையில் கட்டடம் கட்ட ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருக்கும் குடும்பங்களிடம் கொண்டுபோனோம். ஒடியா வீட்டுக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். பீகார்ப் பெண் மட்டும் தயங்கி, ஆட்டா கிடைக்குமா என்று கேட்டார். இந்த வருடம் டப்பா இரண்டு.