தலையில் ஓட்டையுள்ள கார்

யாழ்ப்பாணத்து வெயிலில் தொப்பி இல்லாமல் இறங்கினாலே அம்மம்மா ஏசுவார். ஆனாலும் காருக்குத் தலையில் ஓட்டை, அதாவது சன்றூஃப், வேண்டுமாம். அது திறப்பது பெரும்பாலும் கலியாணப் படப்பிடிப்புக்கு. மற்ற நாளெல்லாம் வேப்பம்பூவும் செம்மண் தூசியும் சேமிக்கும். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அதுவரை பழைய காரே கதியாக இருந்தது; பழைய கார் என்றால் ஓட்டையும் ஒழுகும்.

கார்த்திகை மழையில் கூரைத்துணி நனைந்ததும் சிலிக்கன் பூசுவது நம்மவர் வைத்தியம். சன்றூஃப் தண்ணீரை முழுதாகத் தடுப்பதற்குச் செய்ததே அல்ல, ஐயா. ரப்பரைத் தாண்டும் நீரைச் சுற்றியுள்ள வாய்க்கால் பிடித்து, மூலைகளிலுள்ள மெல்லிய குழாய்களால் காருக்கு அடியில் விட்டுவிடும். குழாய் அடைத்தால் வாய்க்கால் நிரம்பி உள்ளே வழியும். நைலோன் நரம்பை மெதுவாக விட்டு அடைப்பை எடுக்கலாம். அழுத்தக் காற்றைப் பலமாக அடித்தால் குழாய் உள்ளுக்குள் கழன்றுவிடலாம். பிறகு கூரைத்துணியையே இறக்க வேண்டியதுதான்.

தொண்ணூறுகளின் போர்க்காலப் பொருளாதாரத் தடையில், துளி பெற்றோலைக் காட்டி ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஒஸ்ரினையும் மொறிஸ் மைனரையும் ஓட்டிய ஊர் இது. அதன் வாரிசுகள் பாதியில் நின்ற சன்றூஃபுக்கு, மோட்டர் கருகும்வரை பொத்தானை அமத்துகிறார்கள். சன்றூஃப் ஓடும் தண்டவாளத்துத் தூசியைத் துடைக்க ஒருவருக்கும் கை வராது.

ஐப்பசிக்கு முன் சன்றூஃபைத் திறந்து, வாய்க்காலின் மூலையில் ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். நிலத்தில் சொட்டினால் சுகம். சப்பாத்துக்குள் சொட்டினால் கராச்சுக்குப் போங்கள்.