தொட்டுக்க: பீளமேட்டிலிருந்து ஓர் ஆய்வு

கடை டப்பாவில் 'டிப்' என்று அச்சாகி வரும் பொருளுக்குத் தமிழ்ப் பெயர் தேடி யாரும் அலைய வேண்டாம். 'தொட்டுக்க' இருக்கிறது. இலக்கணப்படி இது வினையெச்சம். ஆனால் "தொட்டுக்க என்னங்க?" என்று கேட்ட மாத்திரத்தில் பெயர்ச்சொல்லாகித் தட்டில் வந்து உட்கார்ந்துகொள்ளும். இதைச் சொல்லதிகாரத்தில் வைப்பதா, பொருளதிகாரத்தில் வைப்பதா என்பதைப் பண்டிதர்களிடம் விட்டுவிடுவோம்.

ஆய்வுக் களம், கோயமுத்தூர்ப் பீளமேட்டில் எங்கள் வீட்டு மொட்டை மாடி. காலம், அரையாண்டு விடுமுறை. ஆய்வுக்குட்பட்டோர், காய் என்றாலே எழுந்து ஓடும் ஏழு பிள்ளைகள். கருதுகோள்: தொட்டுக்க ருசியாக இருந்தால் கேரட் குச்சியும் வெள்ளரிக் குச்சியும் தாமாக உள்ளே போகும்.

பக்குவம்தான் பெரிய சிக்கல். குச்சியால் குத்தினால் இடம் கொடுக்க வேண்டும். கிண்ணத்தைச் சாய்த்தால் வழியக் கூடாது. குறிப்பிட்ட அழுத்தம் வரும்வரை அசையாமலிருந்து, அதைத் தாண்டியதும் ஓடும் பொருள்களைப் பற்றி 1916-இல் யூஜீன் பிங்காம் என்ற அமெரிக்க வேதியியலாளர் எழுதினார். அவர் பெயரே அவற்றுக்கு நிலைத்தது. கொங்குச் சமையற்கட்டில் அதற்குக் கடைசல் என்று பெயர். பம்பு செய்கிற ஊர்க்காரர்களுக்கு எது ஓடும், எது ஓடாது என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

அரசாணிக்காயைப் (சென்னைக்காரர்கள் பரங்கி என்று வாசித்துக்கொள்க) பாசிப்பருப்போடு குழைய வேகவைத்து, மண்சட்டியில் மத்தால் கடைந்தோம். கிரைண்டர் ஆகாது. புவிசார் குறியீடு வாங்கிய கோயமுத்தூர் கிரைண்டரே ஆனாலும் ஆகாது; மாவாக்கிவிடும். முந்தின ராத்திரியே வேட்டித் துணியில் கட்டித் தொங்கவிட்டு நீர் வடித்த தயிர், வறுத்துப் பொடித்த சீரகம், உப்பு. மிளகாய் விஷயத்தில் அமுச்சிக்கும் (அம்மாவைப் பெற்ற பாட்டி) எனக்கும் கருத்து வேறுபாடு. "காரமில்லாம என்ன கடைசல் கண்ணு?" என்றார். ஆய்வாளன் என்ற முறையில் நான் உறுதியாக நின்றேன். நான் திரும்பிய நேரம் பார்த்து ஒன்றைக் கிள்ளிப் போட்டுவிட்டார்.

கிண்ணம் பத்தே நிமிடத்தில் காலி. ஒருவன் கேரட்டால் தொட்டான், நக்கினான், அதே கேரட்டால் மறுபடி தொட்டான். அவனுக்கு அது கரண்டி. மற்றவர்கள் கரண்டியையும் துறந்து விரலுக்கு மாறினார்கள். மிளகாயை ஒருவரும் குறை சொல்லவில்லை. இதையும் ஆய்வு முடிவில் சேர்க்கச் சொல்லி அமுச்சி உத்தரவு. வயிற்றுக்குள் போனது அரசாணிக்காய் என்பதைப் பிள்ளைகளிடம் நாங்கள் சொல்லவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

கருதுகோள் தோற்றது. குச்சிகள் அப்படியே மிஞ்சின. மறுநாள் பெரியவர்களுக்குக் கேரட் பொரியல்.