தண்ணி திறந்துவிடுகிறவர்

கோவையில் தெருவுக்கு வால்வு திறந்துவிட வருகிறவருக்கு இருக்கும் மதிப்பு கவுன்சிலருக்குக் கிடையாது. நீள இரும்புச் சாவியை வண்டியில் சாய்த்துக் கட்டிக்கொண்டு வருவார். சிறுவாணித் தண்ணி இன்றைக்கா நாளைக்கா என்பது அவர் முகத்தில் எழுதியிருக்கும். படிக்கத்தான் யாராலும் முடியாது.

அப்படி ஒரு முகம் எங்கள் ஆபீசிலும் உண்டு. பம்புசெட் செய்கிற கம்பெனி, நூற்று நாற்பது கம்ப்யூட்டர். எதற்கு, எப்போது, எங்கிருந்து அப்டேட் வரவேண்டும் என்று முடிவு செய்கிறவர் எங்கள் சிஸ்டம் அட்மின். சித்திரை வெயிலிலும் ஸ்வெட்டர் போட்டிருப்பார்; சர்வர் ரூம் ஏ.சி. அப்படி. யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். 'பண்ணிக்கலாமுங்க' என்றால் இப்போது கிடையாது என்று அர்த்தம். 'பாத்துக்கலாமுங்க' என்றால் எப்போதுமே கிடையாது.

என்மேல் மட்டும் அவருக்குத் தனி மரியாதை. புதிதாக எது வந்தாலும் முதலில் என் கம்ப்யூட்டருக்குத்தான். கேட்லாக் எழுதுகிறவனை மதிக்கத் தெரிந்த ஒரே மனிதர் என்று கேன்டீனில் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

அவர் வருவதற்கு முன்னால் இங்கே அராஜகம். மைக்ரோசாஃப்ட் மாதாமாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை அப்டேட் விடும். 2003 முதல் இதுதான் வழக்கம். நமக்கு அது செவ்வாய் ராத்திரி பத்தரை, பதினொன்றரை. புதன் காலை நூற்று நாற்பது கம்ப்யூட்டரும், குழாயில் திருட்டு மோட்டார் மாட்டிய வீடுகள் மாதிரி, ஒரே லைனில் வாய்வைத்து உறிஞ்சும். ஆர்டர் மெயில் ஒன்று வந்துசேர மத்தியானம் ஆகும்.

வந்ததும் அவர் செய்த முதல் வேலை, தொட்டி கட்டியது. அதன் பெயர் விண்டோஸ் சர்வர் அப்டேட் சர்வீசஸ். அவர் வாயில் 'டபிள்யூசஸ்'. வெளியிலிருந்து ஒரே ஒருமுறை தொட்டிக்கு இறங்கும். அவர் பார்த்து 'அப்ரூவ்' கொடுத்தால்தான் கம்ப்யூட்டர்களுக்குப் பாயும். குரூப் பாலிசியில் தொட்டியின் முகவரியும் 8530 என்ற வாசல் எண்ணும் எழுதிவிட்டார். அன்றுமுதல் எல்லார் திரையிலும், சில அமைப்புகளை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது என்றொரு வாசகம். நிறுவனம் என்றால் ஸ்வெட்டர்.

தொட்டி கட்டின புதிதில் ஆர்வக்கோளாறில் எல்லா மொழிக்கும் டிக் போட்டுவிட்டார். டிரைவர்களுக்கும் சேர்த்து. சர்வரின் டிஸ்க் விளிம்புவரை நிரம்பி மூச்சு நின்றது. "நம்ம கம்பெனில பின்லாந்துக்காரன் ஒருத்தனுமே இல்லீங்கன்னு அப்பறந்தான் தோணுச்சுங்க" என்றார்.

எப்போது திறப்பது என்பதில்தான் மனிதருக்குத் தூக்கம் போகும். 2017 மார்ச் 14-ல் மைக்ரோசாஃப்ட் ஒரு ஓட்டையை அடைத்துக் கொடுத்தது. மே 12-ல் அதே ஓட்டை வழியாக வான்னாக்ரை என்ற வைரஸ் வந்தது. வாங்கி வைத்தும் போடாதவர்களெல்லாம் மாட்டிக்கொண்டார்கள். 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 அப்டேட், அவசரப்பட்டுப் போட்டவர்கள் சிலரின் ஃபைல்களை அழித்தது. மைக்ரோசாஃப்டே அதை நிறுத்திவைத்தது. முன்னதைப் படித்தவன் 'உடனே திற' என்பான். பின்னதைப் படித்தவன் 'பொறு' என்பான். இவர் இரண்டையும் படித்தவர்.

போதாக்குறைக்கு அக்கவுண்ட்ஸ் மேடம். சர்வர் ரூம் சுவரில் தினசரி காலண்டர் ஒன்று தொங்குகிறது. அதில் ராகுகாலத்துக்குப் பக்கத்திலேயே பென்சிலில் எழுதியிருப்பார்: 7 டி.டி.எஸ்., 11 ஜி.எஸ்.டி., 20 மறுபடியும் ஜி.எஸ்.டி. இரண்டாம் செவ்வாயோ 8-க்கும் 14-க்கும் நடுவில்தான் வந்து விழும். "பதினொண்ணாந்தேதி மட்டும் என் ஸ்க்ரீன்ல நீலமா ஏதாச்சும் வந்துச்சு..." என்று மேடம் வாக்கியத்தை முடிக்காமல் போய்விடுவார். அமெரிக்காக்காரன் குறித்த முகூர்த்தத்தை அட்மின் உள்ளூர்ப் பஞ்சாங்கத்தில் மறுபடி குறித்தாக வேண்டும்.

2024 ஜூலை 19 அவருடைய பொன்னாள். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் கோளாறான ஒரு அப்டேட்டால் உலகம் முழுக்க 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டன. விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். எம்.டி. பதறிப்போய் சர்வர் ரூமுக்கே இறங்கி வந்தார். நம்மவர் டீ டம்ளரைக் கீழே வைக்கவில்லை. "அது நம்ம தொட்டித் தண்ணி இல்லீங்க. வேற பைப்புங்க. நம்ம ஊட்டுக்கு அந்தக் கனெக்சனே இல்லீங்க."

இரண்டே மாதம். இனி டபிள்யூசஸில் புதிய வசதி எதுவும் சேர்க்கப்போவதில்லை என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. எல்லாரும் மெல்ல மேகத்துக்குப் போகலாமாம். துக்கம் விசாரிக்கப் போனேன். அசரவில்லை. "தொட்டிய இடிக்கலீங்க சார். இனி பெயின்ட் அடிக்க மாட்டாங்களாம், அவ்வளவுதான்."

ஆள் நல்ல மனநிலையில் இருந்ததால் நாற்காலியை இழுத்துப் போட்டேன். திரையில் கம்ப்யூட்டர்களைக் குழு குழுவாகப் பிரித்திருந்தார். அக்கவுண்ட்ஸ், டிசைன், டிஸ்பேட்ச். எல்லாவற்றுக்கும் மேலே நான்கே நான்கு பெயர்களோடு ஒரு குழு. நான்காவது என்னுடையது. நெஞ்சு கொஞ்சம் விரிந்தது.

"இது என்ன, முக்கியமானவங்க லிஸ்ட்டா?"

"டெஸ்ட்டுங்க சார். புதுசா வர்றத இந்த நாலுலயும் ஒரு வாரம் ஓட்டிப் பாப்பனுங்க. ஒண்ணும் ஆகலைன்னாத்தான் மத்தவீங்களுக்கு."

மற்ற மூன்றும் எவை என்று பார்த்தேன். ஒன்று அவருடையது. ஒன்று யாரும் போகாத டிரெய்னிங் ரூமில் இருப்பது. இன்னொன்று கேட்டில் வாட்ச்மேன் பாஸ் அடிப்பது.

"என்னுது எப்படி இதுல வந்துச்சு?"

அவர் ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு சொன்னார்:

"உங்க மிசினு நாலு நாள் நின்னாலும் யாருக்கும் தெரியாதுங்க சார்."