பிழை விடப் பழகு, மோனை

வா மோனை, உதிலை இரு. கோட்டைக் கழட்டாதை, ஹீட்டர் போடேல்லை. பில் நான்தான் கட்டுறனான். கொம்மா நேற்று ராத்திரி டெலிபோனிலை ஒரே அழுகை. அக்கவுண்டன்சியைப் பாதியிலை விட்டிட்டு, பப்புக்கு மேல்மாடியிலை மைக்கைப் பிடிச்சுப் பகிடி சொல்லப் போறியாம். "ஐயா, நீங்கள் சொன்னால்தான் கேப்பான், நாலு புத்தி சொல்லி மறியுங்கோ" எண்டவ. சரி, மறிக்கிறன். மறிக்கிறதெண்டால் வடிவாய் மறிக்க வேணுமெல்லே.

இந்த நாட்டுப் பழைய பகிடிக்காரரை நீ யூடியூப்பிலை அரை நிமிசத் துண்டாய்ப் பார்த்தனீ. நான் எழுபதுகளிலை ராத்திரி வேலைக்குப் போக முதல், சோத்துக் கோப்பையை மடியிலை வைச்சுக் கொண்டு முழுசாய்ப் பார்த்தனான். கதைக்கிறது பாதி விளங்காது. விளங்காட்டிலும் சிரிப்பு வரும். அதுதான் அவங்கடை கெட்டித்தனம்.

முதலிலை சாவைப் பற்றிக் கதைப்பம். கொம்மாவுக்கு அது பிடிக்கும்.

டொமி கூப்பர் எண்டு ஒரு மனிசன். வேல்ஸிலை கெயர்ஃபிலியிலை பிறந்தவர். ஆறடிக்கு மேலை நாலு அங்குலம். யுத்த நேரம் பட்டாளத்தோடை எகிப்துக்குப் போன இடத்திலை, ஒரு நாள் மேடைக்குக் கொண்டுபோக வேண்டிய தொப்பியை மறந்திட்டு, பக்கத்தாலை போன வெயிட்டரின்ரை தலையிலை இருந்த சிவத்தத் துருக்கித் தொப்பியைப் பறிச்சுத் தன்ரை தலையிலை கவிட்டவராம். சனம் சிரிச்சுது. பிறகு சீவிய காலம் முழுக்க அந்தத் தொப்பி இறங்கேல்லை. மந்திர வித்தை செய்வார், ஒண்டும் சரிவராது. 1984 ஏப்ரல் 15, லண்டன் ஹேர் மெஜஸ்டிஸ் தியேட்டர், டிவியிலை நேரடியாய்ப் போகுது. மனிசன் நடுவிலை அப்பிடியே திரைச்சீலையோடை சரிஞ்சு கீழை இருந்திட்டார். சனம் விழுந்து விழுந்து சிரிக்குது, இதுவும் ஒரு வித்தையாக்கும் எண்டு. வித்தை இல்லை, மாரடைப்பு.

சரியாய் ஆறு கிழமையிலை, எரிக் மோர்கம். டியூக்ஸ்பரி எண்ட ஊரிலை ஒரு மேடை. நிகழ்ச்சி முடிஞ்சு, சனம் கைதட்டத் தட்டத் திரும்பத் திரும்ப வந்து கும்பிட்டுப் போட்டு, மறைப்புக்குப் பின்னாலை போய் விழுந்தவர். அதுக்கும் முந்தி 1976இலை சிட் ஜேம்ஸ், சண்டர்லாண்ட் எம்பயரிலை நாடகம் நடந்து கொண்டிருக்கேக்கை மேடையிலேயே. பார் மோனை, கணக்காளன் மேசையிலை தலை கவிட்டால் ஒருத்தரும் சிரிக்க மாட்டினம். பக்கத்து மேசைக்காரன் ஆகலும் மிஞ்சினால் கதிரையை எடுத்துக் கொண்டு போவான். மரியாதையான சாவு. உனக்கு எது வேணுமெண்டு நீயே யோசி.

என்ன சிரிக்கிறாய்? பயப்படுத்தச் சொன்னனான்.

சரி, பயம் வரேல்லை எண்டால் வேலையைச் சொல்லுறன், அதைக் கேட்டாவது ஓடுவாய். உன்ரை வீடியோவொண்டு கொத்தான் காட்டினவன். பகிடியைச் சொல்ல முதல் நீயே சிரிக்கிறாய். சொல்லேக்கையும் சிரிக்கிறாய். சொல்லி முடிஞ்சாப் பிறகு பார்க்கிறவன் சிரிக்க இடம் விடாமல் திரும்பவும் நீயே சிரிக்கிறாய். முழு வேலையையும் நீயே செய்தால் சனம் என்னத்துக்கு ரிக்கெற் எடுக்குது?

கூப்பரைப் பார். அந்தாள் மந்திரவாதிகளின்ரை சங்கமான மேஜிக் சேர்க்கிளிலை உறுப்பினர். வித்தை தெரியாத ஆளில்லை, நல்லாய்த் தெரிஞ்ச ஆள். வடிவாய்த் தெரிஞ்சபடியால்தான் எந்த இடத்திலை பிழைக்க வேணுமெண்டு தெரிஞ்சிருந்தது. பத்து வித்தை பிழைக்கும், பதினோராவது ஒண்டு சத்தமில்லாமல் சரிவரும். சனம் அதிர்ந்து போகும். நீயும் பிழை விடுறாய்தான், இல்லையெண்டு சொல்லேல்லை. உன்ரை பிழை தானாய் வருகுது. அவற்றை பிழை பழகி வந்தது.

லெஸ் டோசனும் அப்பிடித்தான். என்ரை மனிசன் அவர்தான், நூறு பேரை நிப்பாட்டினாலும் அவரைத்தான் கை காட்டுவன். மான்செஸ்டரிலை கொலிஹர்ஸ்ட் எண்ட ஏழைப் பகுதியிலை 1931இலை பிறந்தவர். புல்டாக் மாதிரி முகம். வடிவாய்ப் பியானோ வாசிக்கத் தெரிஞ்ச மனிசன். பாரிஸிலை ஒரு மாதிரியான வீட்டிலை பியானோ வாசிச்சுத்தான் தொழில் தொடங்கினனான் எண்டு தானே சொல்லிக் கொண்டு திரிஞ்சவர். அந்தக் கதையைக் கொம்மாவுக்குச் சொல்லிப் போடாதை. மேடையிலை இருந்து எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டொண்டைத் தொடங்குவார். நாலு சுரம் சரி, ஐஞ்சாவது அரைப்படி விலகி விழும். முகத்திலை ஒரு மாற்றமும் இராது, தான் பெரிய சங்கீத வித்துவான் எண்ட நினைப்பிலேயே வாசிப்பார். பிழையான சுரத்தை எந்த இடத்திலை வைச்சால் காது கூசும், எந்த இடத்திலை வைச்சால் வயிறு குலுங்கும் எண்டு சங்கீதம் படிச்சவனுக்குத்தான் தெரியும்.

அந்தாள் ரோய் பராக்கிளோஃபோடை சேர்ந்து பொம்பிளை வேசம் போட்டு, சிசியும் ஏடாவும் எண்டு ரெண்டு கிழவியள். வேலியடியிலை நிண்டு ஊர்ப் புதினம் கதைக்கிற சாதி. கதை நடுவிலை வருத்தம், ஆஸ்பத்திரி, பொம்பிளையளின்ரை உள் அலுவல் எண்டு வந்தால் சத்தம் நிண்டு போகும், வாய் மட்டும் அசையும். இது டோசன் சும்மா கற்பனை பண்ணினதில்லை. லங்காஷயர் துணி மில்லுகளிலை தறிச் சத்தத்திலை ஒண்டும் கேக்காது. அங்கை வேலை செய்த பெண்டுகள் வாயசைவாலைதான் கதைச்சவை. வெளியிலை வந்தாப் பிறகும் வெக்கப்படுற விசயத்துக்கு அந்தப் பழக்கம் கை குடுத்துது. டோசன் சின்னனிலை கண்டதைத்தான் பவுடர் பூசி மேடைக்குக் கொண்டு வந்தவர். உன்ரை பகிடியெல்லாம் நெட்ஃபிளிக்ஸிலை கண்டது. வீட்டிலை கொம்மாவும் சின்னம்மாவும் டெலிபோனிலை கதைக்கிறதை ஒரு மணித்தியாலம் காது குடுத்துக் கேட்டாலே உனக்கு ரெண்டு வருசத்துக்குக் காணும்.

மாமியார் பகிடியும் அவர் கனக்கச் சொன்னவர். உனக்கு அது வேண்டாம். முதலிலை மாமியார் ஒண்டு தேட வேணும், அக்கவுண்டன்சியை விட்ட பெடியனுக்கு எங்கடை சனத்திலை ஆர் பொம்பிளை குடுப்பினம்?

இனி மோர்கம்மும் அவற்றை சோடி ஏர்னி வைஸும். 1954இலை பிபிசியிலை முதல் தரம் வந்து படுதோல்வி. டிவிப்பெட்டி எண்டால் இவை ரெண்டு பேரையும் புதைச்ச பெட்டி எண்ட கருத்திலை ஒரு பத்திரிகைக்காரர் எழுத, எரிக் அந்தத் துண்டை வெட்டி எடுத்துக் கன காலம் பொக்கற்றுக்குள்ளை கொண்டு திரிஞ்சவர். அதே ரெண்டு பேரின்ரை 1977 நத்தார் நிகழ்ச்சியை 2 கோடிக்கு மேலை சனம் பார்த்தது. உனக்கு யாரோ ஒருத்தன் கீழை மோசமாய் எழுதினானெண்டு மூண்டு நாள் சாப்பிடாமல் இருந்தனியாமே.

அவையின்ரை 1971 நத்தார் நிகழ்ச்சியிலை பெரிய சங்கீத நடத்துநர் ஆந்த்ரே பிரெவினைக் கூப்பிட்டவை. கிரீக் எழுதின பியானோ கச்சேரி. எரிக் பியானோவிலை இருந்து கண்டபாட்டுக்குத் தட்ட, எல்லாம் பிழை எண்டு பிரெவின் சொல்லுறார். எரிக் எழும்பி வந்து அந்தாளின்ரை கோட்டுக் கழுத்தைப் பிடிச்சு, சுரமெல்லாம் சரி, வரிசைதான் கொஞ்சம் முன்னை பின்னை எண்ட மாதிரி ஒரு விளக்கம் குடுப்பார். அது இந்த நாட்டிலை சின்னப்பிள்ளைக்கும் பாடம். ஆனால் நான் சொல்ல வந்தது வேறை. பிரெவினுக்கு ஒத்திகைக்கு நேரமில்லை. தாய்க்குச் சுகமில்லையெண்டு அமெரிக்கா போய் வந்தவர், வசனத்தைக் காருக்குள்ளை டோர்ச் வெளிச்சத்திலை பாடமாக்கினவர். எரிக்குக்கு உள்ளுக்குள்ளை நடுக்கம். பிரெவின் தன்ரை கோலை எடுத்து வாறன், அது சிக்காகோவிலை கிடக்குது எண்டு முகம் மாறாமல் சொல்ல, சனம் வெடிச்சுது. அந்த நேரம் எரிக்கின்ரை முகத்தை வடிவாய்ப் பார், மூச்சு இறங்கி வாறது தெரியும். பிரெவின் ஒரு இடத்திலும் சிரிக்க வைக்கத் தெண்டிக்கேல்லை. பிறகு கன வருசம் லண்டன் டாக்சிக்காரர் அந்தாளை அந்த நிகழ்ச்சியிலை வைச்ச பட்டப் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டவை.

ஏர்னி வைஸைப் பற்றி ஒருத்தரும் பெரிசாய்க் கதைக்க மாட்டினம். ஆட்டுக்கல்லிலை குழவி சுத்துறதைத்தான் சனம் பார்க்கும். கல்லு அசையாமல் இருந்தபடியால்தான் மா அரைபட்டது. அவைக்கு எழுதிக் குடுத்தவர் லிவர்பூல்காரர் எடி பிரேபன். அவற்றை பேரைக் கேட்டால் நீயே முழுசுறாய்.

எழுதுறவனைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. டோனி ஹான்கொக்குக்கு எழுதினவை ரே கால்டனும் அலன் சிம்சனும். சயரோகம் வந்து சனட்டோரியத்திலை கிடக்கேக்கை சந்திச்ச பெடியள். ரேடியோவிலும் டிவியிலும் அந்தாளைத் தூக்கி வைச்சினம். 1961இலை ரத்தம் குடுக்கப் போற கதை ஒண்டு, அது இப்பவும் சிரிப்புத்தான். ஹான்கொக் முதலிலை தோழன் சிட் ஜேம்ஸை விட்டார், பிறகு எழுதின ரெண்டு பேரையும் விட்டார். 1968இலை சிட்னியிலை தன்ரை உயிரைத் தானே விட்டார். இதிலை பகிடி ஒண்டும் இல்லை.

கைவிடப்பட்ட ரெண்டு பேரும் சும்மா இருக்கேல்லை. பழஞ்சாமான் வண்டிக்காரத் தேப்பனும் மகனும் எண்டு 'ஸ்டெப்டோ அண்ட் சன்' எழுதினவை. 1964 தேர்தல் நாள் பின்னேரம் அதைப் போட்டால் தன்ரை கட்சிச் சனம் வோட்டுப் போடப் போகாமல் டிவிக்கு முன்னாலை இருந்திடும் எண்டு லேபர் கட்சித் தலைவர் ஹரோல்ட் வில்சன் பயந்து, பிபிசியிலை சொல்லி நேரத்தைத் தள்ளிப் போடுவிச்சவர். வெண்டது 4 ஆசன வித்தியாசத்திலை. நீ பப்பு மாடியிலை கதைக்கிறதாலை ஒரு கவுன்சிலர் எண்டாலும் பயப்படுவானோ, சொல்லு.

ரொனி பார்க்கர் இன்னும் கள்ளன். தான் எழுதினதை ஜெரால்ட் வைலி எண்ட பொய்ப் பேரிலை அனுப்புவார். நல்லாயிருந்தால் எடுக்கட்டும், என்ரை முகத்துக்காக எடுக்க வேண்டாம் எண்டு. கூட நடிச்ச ரொனி கோர்பெட்டுக்கே தெரியாது. பேந்து பேரும் புகழுமாய் இருக்கேக்கை வேலையை விட்டிட்டு, சிப்பிங் நோர்டன் எண்ட ஊரிலை பழம்பொருள் கடை போட்டவர். நீயும் உன்ரை அடுத்த பகிடியைக் கூட்டாளியின்ரை பேரிலை வீட்டுக்காரருக்கு அனுப்பிப் பார்.

எல்லாரும் தங்கக் கம்பி எண்டு நினைக்காதை. 1977இலை 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' வந்தது. ராத்திரி வகுப்பிலை இங்கிலீசு படிக்கிற வெளிநாட்டுக்காரர், வாத்தியார் பாரி எவன்ஸ். தலையாட்டுற இந்தியன், கும்பிடுற ஜப்பான்காரன். இலங்கை, மலேசியாப் பக்கமெல்லாம் எங்கடை சனம் புழுகத்தோடை பார்த்தது. நானும் வயிறு நோகச் சிரிச்சனான். அடுத்த நாள் வேலையிலை அதே தலையாட்டலை எனக்குச் செய்து காட்டினாங்கள். அப்ப சிரிப்பு வரேல்லை. 'இட் ஏன்ட் ஹாஃப் ஹொட் மம்' எண்டதிலை மைக்கேல் பேட்ஸ் முகத்துக்கு மண்ணிறம் பூசிக் கொண்டு ரங்கி ராமாய் வந்தவர். மனிசன் ஜான்சியிலை பிறந்தவர், பாசை தெரியும், நடிப்பும் திறம். ஆனால் பூச்சுப் பூச்சுத்தான். அதெல்லாத்தையும் அழிச்சுப் போடச் சொல்லேல்லை. பிபிசி அழிச்சதே காணும்: பீட்டர் குக்கும் டட்லி மூரும் செய்ததிலை பாதிக்கு மேலை, நாடாவை மிச்சம் பிடிக்கவெண்டு துடைச்சுப் போட்டினம். நீ சாப்பிட்ட தோசையைக் கூடப் படமெடுத்துப் பத்திரப்படுத்துறாய்.

கடைசியாய் ஒரு நல்ல காரியம் சொல்லுறன், இதைக் கொம்மாவுக்கும் சொல்லலாம். கென் டொட். லிவர்பூலிலை நொட்டி ஆஷ்; பிறந்த வீட்டிலேயே 90 வயதிலை செத்தவர். பல்லு முன்னாலை, தலைமயிர் மேலை, கையிலை இறகுத் தூரிகை. மேடைக்கு ஏறினால் நடுச்சாமம் தாண்டித்தான் இறங்குவார், சனம் கடைசி பஸ்ஸை விட்டிடும். 1989இலை வரி ஏமாத்தினாரெண்டு வழக்கு. பரணிலை சூட்கேசுக்குள்ளை 336,000 பவுண் காசாய்க் கிடந்தது. யூரிமார் குற்றமில்லையெண்டு விட்டிட்டினம். பிறகு கன வருசம் அந்த வழக்கையே மேடையிலை பகிடியாக்கி வித்தவர். சாக ரெண்டு நாளைக்கு முதல், நாற்பது வருசத் துணையைக் கலியாணம் கட்டினவர். புருசன் பெண்சாதிக்குள்ளை சொத்து மாறினால் இந்த நாட்டிலை வாரிசு வரி இல்லை. நான் ஒண்டும் சொல்லேல்லை.

அதாலை மோனை, சோதினையை எழுதி முடி. பகிடிக்காரனுக்குக் கணக்கு மற்ற எவனையும் விட வேணும். பிறகு பப்பு மாடி, எங்கை வேணுமெண்டாலும் போ.

போற வழியிலை ஒரு கொப்பி வாங்கு. டொட் ஒவ்வொரு மேடைக்கும் எழுதி வைச்சவர்: எந்த ஊர், எப்பிடிச் சனம், எந்தப் பகிடி எடுபட்டது, எது படுத்தது எண்டு. செத்தாப் பிறகு எரிச்சுப் போடச் சொன்னவராம், மனிசி எரிக்கேல்லை. நீ முதல் பக்கத்தை இப்பவே தொடங்கு. எழுது. இடம்: ஹரோ மண்டபம், மாமாவின்ரை மகளின்ரை சாமத்தியவீடு. சனம்: சாப்பாட்டுக்கு முதல், பசி. பகிடி: அம்மப்பாவின்ரை காது மிஷின். சிரிச்சவை: எல்லாரும். சிரிக்காதது: அம்மப்பா. காரணம்: நீ மைக்கை எடுக்கக் கண்டவுடனை மிஷினை நிப்பாட்டிப் போட்டார்.