அட்மின் காக்கும் வீடு

வாசலில் 4 கேமரா, அலமாரி மேல் ரெக்கார்டர், கணினித் திரையில் நான்கு கட்டமாக நம் தெரு. எதிர்வீட்டு மாமி கோலத்தை எத்தனை தடவை அழித்துப் போட்டார் என்பது வரை அத்துப்படி. ஒரு மாதம் ஊருக்குப் போய்வந்து திருடனைத் தேடினால் மட்டும், ஹார்ட் டிஸ்க் நிரம்பி அவன் மேல் புதுப் பதிவு ஏறியிருக்கும். மிச்சம் தெருநாய்தான்.

கடவுச்சொல்? பொருத்த வந்த தம்பி விட்டுப்போன ‘அட்மின்’. 2016-இல் மிராய் என்ற தீநிரல் இப்படிப்பட்ட 60 சொச்சம் கடவுச்சொற்களைக் கொண்டே கேமரா, ரெக்கார்டர், ரவுட்டர் என லட்சக்கணக்கில் வளைத்துப் போட்டு, இணையத் தாக்குதலுக்கு ஏவியது. அக்டோபர் 21 அன்று ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் பலருக்குத் திறக்காததில் இந்தக் காவல்காரர்களுக்கும் பங்குண்டு.

இன்றே மாற்றிவிடுங்கள். 123456 என்று அல்ல.