குத்துக் கணக்குப்பிள்ளைக்கு நாலு புத்தி

ஏலே, இங்கன வா. போனை ஒரு ஓரமா வையி. விடிஞ்சதுல இருந்து பாக்கேன், "இவன் நிமிஷத்துக்கு அஞ்சு அடி, அவன் நாலரை அடி, இவன் அடியில நூத்துக்கு அம்பது படுது"ன்னு திண்ணையில உக்காந்து படிச்சிக்கிட்டே இருக்கே. நாலரை அடி அடிச்சவன் அந்த அரை அடியை எங்கன கொண்டு அடிச்சான்னு கேட்டா முழிக்கே. பள்ளிக்கூடத்துக் கணக்கை இப்படிப் படிச்சிருந்தீன்னா உங்கப்பன் தலையில இன்னும் நாலு முடி மிஞ்சியிருக்கும்.

சரி, விசயத்துக்கு வாரேன். ஞாயித்துக்கிழமை காலையில யுஎஃப்சி பட்டச் சண்டை. அமெரிக்காக்காரனுக்கு அது சனிக்கிழமை ராத்திரி. குத்து, உதை, மல்லு, பூட்டு எல்லாம் கலந்து அஞ்சு நிமிஷ ரவுண்டு அஞ்சு. ரெண்டு பேர்ல அடிக்கதுல யாரு கெட்டிக்காரன்னு கூட்டாளிமாரு மத்தியில நீ நெஞ்சை நிமித்திச் சொல்லணும். அவ்வளவுதானே? தாத்தா வழி சொல்லுதேன். பலிச்சா உன் மூளை, பலிக்கலேன்னா கிழவன் புத்தி.

நிபுணன் ஆகணும்னா கடைசியா நடந்த சண்டையை மட்டும் பாரு. அதுக்கு முந்தினதை எட்டியும் பாக்காதே. பாத்தா சந்தேகம் வரும், சந்தேகம் வந்தவனை எவன்லே நிபுணன்னு சொல்லுவான்? 2015-ல உலகத்துல பாதிப் பேரு இந்த வழியிலதான் நிபுணன் ஆனான்.

அப்ப பெண்கள் பட்டம் ஒண்ணு ரோண்டா ரவுசி கையில இருந்துச்சு. ஜூடோக்காரப் பிள்ளை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ல வெண்கலம் வாங்கினவ. அவ தொழில் என்ன? கிட்டப் போயி கட்டிப் பிடிக்கது, தூக்கிப் போடுதது, கையை முறுக்கிப் பூட்டுதது. எதிர்ல நிக்கவ "விட்டுரு தாயி"ன்னு தட்டுவா. 12 சண்டை, 12 ஜெயிப்பு. பன்னெண்டாவதா, அந்த வருசம் ஆகஸ்டு மாசம் ரியோவுல பெத் கொரேயான்னு ஒருத்தியைப் பூட்டுப் போடாம குத்தியே 34 செகண்டுல சாய்ச்சுட்டா. போச்சா! மறுநாள்ல இருந்து, "இவ மல்லுக்காரி மட்டுமில்ல, குத்துக்காரியும்கூட"ன்னு ஒரே பேச்சு. குத்துச்சண்டைக்கார மேவெதர் கூட மோதவிட்டா என்ன ஆகும்னு பேசின ஆளுகளும் உண்டு. நெசமாத்தான் சொல்லுதேன்.

அதுக்கு முந்தின சண்டை 14 செகண்டு, அதுல குத்தே கெடையாது, பாஞ்சு வந்தவளை உருட்டிப் பூட்டினது. அதுக்கும் முந்தினது 16 செகண்டு. மூணையும் கூட்டிப் பாரு, 64 செகண்டு. ஒரு நிமிஷமும் நாலு செகண்டும். உங்க பாட்டி கோபத்துல இருக்கும்போது எனக்கு ஒரு டம்ளர் தண்ணி கொண்டாந்து வைக்க இதைவிட நேரமாகும். அந்த நேரத்துல நடந்ததை வச்சு ஒரு பிள்ளையோட குத்துத் திறமைக்கு நிமிஷத்துக்கு இத்தனைன்னு சராசரி போட்டான் பாரு, அவன்தான்லே உனக்குக் குரு.

அடுத்து எதிர்ல வந்தவ யாரு? ஹாலி ஹோம். நியூ மெக்சிகோவுல அல்புகர்க்கிக்காரி, அப்பா பிரசங்கியாரு. அதனால அவளுக்குப் பட்டப்பேரே பிரசங்கியார் மக. குத்துச்சண்டையில பணம் வாங்கி 38 தடவை மேடை ஏறி 33 ஜெயிச்சவ, உலகப் பட்டம் பல தடவை பாத்தவ. இதுக்கு மேல என்னலே ஒப்பிட இருக்கு? ஆனா நிபுணன் விடுவானா! ஹோம் அதுவரைக்கும் யுஎஃப்சியில ஆடின ரெண்டு சண்டையும் மூணு ரவுண்டு முழுக்கப் போயி நடுவர் கணக்குல ஜெயிச்சது. அதுல மொதச் சண்டை நடந்தது, அந்த 14 செகண்டு சண்டை நடந்த அதே லாஸ் ஏஞ்சலஸ் மேடையில, அதே ராத்திரி. ஒருத்தி கால்மணி நேரம் சுத்திச் சுத்தி அடிச்சு, அதுலயும் ஒரு நடுவர் ஒத்துக்கலை. இன்னொருத்தி கொட்டாவி விடுததுக்குள்ள முடிச்சுட்டா. பாத்தவன் என்ன சொல்லுவான்? "ஹோம் அடியில கனமில்லை." முடிஞ்சுது தீர்ப்பு.

நவம்பர் மாசம், மெல்பர்ன். 56,214 பேரு கூடியிருக்கான். மணி அடிச்சதும் ரவுசி நேரா ஓடினா. கொரேயா அன்னைக்கு நின்னு அடி வாங்கினா, இவ நிக்கலை. அடிக்கணும்னா எதிர்ல ஆள் இருக்கணும்லா! ஹோம் ஒரு அடி ஒதுங்குவா, இடது கையால மூஞ்சியில ஒண்ணு நேராக் குடுப்பா, மறுபடி ஒதுங்குவா. ரவுசி ஓடி ஓடிக் குத்தைத் தேடிப்போயி வாங்கிக்கிட்டா. கட்டிப் பிடிச்சாலும் ஹோம் கழட்டிக்கிட்டா. ரவுண்டு முடிஞ்சு மூலைக்கு வந்தா ரவுசி வாயில ரத்தம். பயிற்சியாளரு அருமை அருமைன்னு சொல்லுதாரு! (எனக்கு அந்த மனுசன் மேல கோவமே இல்ல. உங்க அத்தை வச்ச ரசத்தைக் குடிச்சிட்டு நானும் அப்படித்தான் சொல்லுதேன்.) ரெண்டாவது ரவுண்டு தொடங்கி ஒரு நிமிஷம்கூட ஆகலை. ரவுசி வீசின கை காத்துல போச்சு, தடுமாறி விழுந்து எந்திரிச்சுத் திரும்புதா, கழுத்துல ஹோமோட இடது கால் வந்து இறங்கிட்டு. 59 செகண்டு.

இப்ப உன் அட்டவணைக்கு வாரேன். உயரம், எடை, கை நீளம், கால் நீளம், வயசுன்னு கட்டம் கட்டமாப் போட்டிருக்கான்லா, அது கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பாக்க கதைதான். பத்தும் பாத்துக் கட்டி வச்ச உங்க சித்தப்பன் குடும்பம் நடக்க அழகு தெருவுக்கே தெரியும். ஜாதகத்துல நாக்கு நீளத்துக்குக் கட்டம் கெடையாதே! இதுலயும், எவ எவளை நடக்க வைக்கான்னு ஒரு கட்டமும் இல்ல. கடைசி வரியில வலதுகைக்காரி, இடதுகைக்காரின்னு பொடி எழுத்துல போட்டிருப்பான், அதை நீ படிக்கவே மாட்டே. ஹோம் இடதுகைக்காரி. ரவுசி வலதுகைக்காரி. இந்த ரெண்டு பேரு எதிரும் புதிருமா நின்னா பின்னால வச்சிருக்க கைக்கும் காலுக்கும் தடுப்பே இல்லாம வழி திறந்து கெடக்கும். அந்த வழியிலதான் அன்னைக்கு இடது குத்தும் போச்சு, இடது காலும் போச்சு.

அடியை எண்ணுதானே, அதுலயும் ஒரு வேடிக்கை. கன்னத்துல தொட்டுட்டுப் போற குத்தும் ஒண்ணு, தொடையில எலும்பு வரைக்கும் இறங்குத உதையும் ஒண்ணு. 2010-ல ஜோசே ஆல்டோ, யுராயா ஃபேபரோட தொடையை உதைச்சு உதைச்சுப் புண்ணாக்கினான். அப்பறம் அந்தக் காலு வீங்கி நெறம் மாறிக் கெடந்த போட்டோவை நீயே எனக்குக் காட்டினே. எண்ணிக்கைக் கட்டத்துல அந்த வலி எங்கன இருக்குன்னு தேடிச் சொல்லு.

மெல்பர்ன் கதை அங்கனயே முடியலை பாத்துக்கோ. நிபுணன் எல்லாரும் திருந்திட்டான், "இனிமே ஹோம்தான், அவ கையையும் காலையும் எவ தாண்டுவா"ன்னான். நாலு மாசம்கூட ஆகலை, 2016 மார்ச்சுல மீஷா டேட் வந்தா. ரவுசிகிட்ட ரெண்டு தடவை கைப்பூட்டுல தோத்தவ அவ. அஞ்சாவது ரவுண்டுல ஹோம் முதுகுல ஏறி கழுத்தை நெரிச்சா. ஹோம் தட்டவே இல்ல, நெனவு போற வரைக்கும் காத்துலயே குத்திக்கிட்டுப் போனா. அந்தக் குத்தை உன் அட்டவணையில சேத்தானா, கேளு. அப்பறம் அமாண்டா நூனெஸ். அந்த வருசமே டேட்டை மொத ரவுண்டுல நெரிச்சா, டிசம்பர்ல ரவுசியை 48 செகண்டுல குத்திச் சாய்ச்சா, 2019-ல ஹோமைத் தலையில உதைச்சே மொத ரவுண்டுல படுக்க வச்சா. தலையுதையில பேரு வாங்கினவளைத் தலையுதையிலயே!

ரவுசி டேட்டை அடிச்சா, ஹோம் ரவுசியை அடிச்சா, டேட் ஹோமை அடிச்சா. எவ பெரியவன்னு போனைக் கேட்டுச் சொல்லுலே, நான் காத்திருக்கேன்.

"முந்தி அடிச்சவன்தான் மறுபடியும் அடிப்பான்"னு ஒரு வழி இருக்கு, அதையும் சொல்லிருதேன். அலெக்ஸ் பெரெய்ரா, டயர் கடையில வேலை பாத்து வளந்த பிரேசில்காரன். கிக் பாக்ஸிங்ல இஸ்ரேல் அடசான்யாவை ரெண்டு தடவை ஜெயிச்சவன். 2022 நவம்பர்ல நியூயார்க்ல பட்டச் சண்டை, நாலு ரவுண்டு அடசான்யா முன்னால இருந்தான், அஞ்சாவதுல பெரெய்ரா முடிச்சான். பாத்தியா, வழி பலிச்சுது. அஞ்சு மாசம் கழிச்சு மயாமியில அதே ரெண்டு பேரு. அடசான்யா வேலியில முதுகைச் சாய்ச்சு அடி வாங்குதவனாட்டம் நின்னான், பெரெய்ரா முடிக்கப் பாஞ்சு வந்தான், அடசான்யாவோட வலது கை விழுந்துச்சு, பெரெய்ரா ரெண்டாவது ரவுண்டோட படுத்துட்டான். அதுலயும் எவன் எவனை நடக்க வச்சான்னு பாரு.

அதனால ஞாயித்துக்கிழமை மூஞ்சியையும் கையையும் பாக்காதே. காலைப் பாரு. எவன் நடக்கான், எவன் நடக்க வைக்கான், இடுப்பு எந்தப் பக்கம் திரும்புது. கூட்டாளிமாருகிட்ட மட்டும் இதைச் சொல்லித் தொலைக்காதே, உன்னைப் பைத்தியம்பான். அவனுகளுக்கு வேற மருந்து. எட்டுப் பேருல நாலு பேருகிட்டத் தனியா "இவன்தான்"னு சொல்லு, மத்த நாலு பேருகிட்டத் தனியா "அவன்தான்"னு சொல்லு. சண்டை முடிஞ்சதும் பலிச்ச பக்கம் போயி காலுமேல காலு போட்டு உக்காரு. தோத்த நாலு பேருக்கும் ஆளுக்கொரு டீ வாங்கிக் குடுத்து, நடுவர் மேல பழியைப் போட்டுரு. டீக்காசு எங்கிட்ட வாங்காதே. உங்கப்பன்தான் தலைமுடி போனதுல இருந்து சீப்பு வாங்குத காசை மிச்சம் பிடிக்கான், அவங்கிட்டக் கேளு.